கேமராவை நீயே கொண்டு வா

இபாடன், மொகோலா
ஏப்ரல் 10, 2005

என் அக்கா கெஹிண்டேக்கு,

குளிருக்கு ஒரு வணக்கம். வேலைக்கு ஒரு வணக்கம். நாம் ஒருவரையொருவர் பார்க்காமல் கழித்த காலத்துக்கெல்லாம் சேர்த்து ஒரு பெரிய வணக்கம். இங்கே அம்மா, என் வீட்டுக்காரர் அடிசா, பிள்ளைகள், நான் எல்லோரும் சுகம். மழை வரப்போகிறது என்றால் அம்மாவின் முழங்கால் மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறது. நீ எப்படி இருக்கிறாய்? ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்த ஊர் ரொட்டியை முகர்ந்துவிட்டு வேலைக்கு ஓடுகிறாயா?

உன்னை அக்கா என்று எழுதும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அம்மா வயிற்றிலிருந்து முதலில் வந்தவள் நான். உலகம் எப்படி இருக்கிறதென்று பார்த்து வரச்சொல்லி நீதான் என்னை அனுப்பினாயாம். அதனால் பின்னால் சாவகாசமாக வந்த நீ மூத்தவளாம். ஒரே மூக்கு, ஒரே நெற்றி, ஒரே பல் இடுக்கு, ஆனால் மரியாதை மட்டும் உனக்கு. போகட்டும், விஷயத்துக்கு வருகிறேன்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் குடும்பத்தோடு விடுமுறைக்குப் போகிறோம். சிரிக்காதே. இகோகோசி வெந்நீர் ஊற்றுக்குத்தான். அடிசாவின் அலுவலகத்தில் வண்டி தருகிறார்கள். அம்மாவிடம் சொன்னதற்கு, "விடுமுறையா? எனக்கென்ன காய்ச்சலா அடிக்குது?" என்றாள். பொடிஜா சந்தையில் கிழங்கு மாவுக் கடையை ஒருநாள்கூடச் சாத்தாதவளிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? மறுநாள் அவளே வந்து, "கெஹிண்டே வருவாளா? எல்லாரும் வந்தா நானும் வரேன். ஒருத்தி குறைஞ்சாலும் எனக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டாள். ஆக, எல்லாம் உன் கையில் இருக்கிறது.

நல்ல கேமரா ஒன்று வேண்டும். போன ஈஸ்டருக்கு வந்த போட்டோக்காரர் அம்மாவின் தலைக்கட்டைப் பாதியில் வெட்டிவிட்டார். அவள் இன்னும் அவரைத் திட்டிக்கொண்டிருக்கிறாள். ஃபிலிம் போடாத டிஜிட்டல் கேமராவாக, விலை நம் கைக்கு அடங்குவதாக, நம்மை வெறும் நிழலாக ஆக்காததாக ஒன்றை நீ தேர்ந்தெடு. யாரிடமும் கொடுத்தனுப்பாதே. டிசம்பரில் வரும்போது நீயே கையில் கொண்டு வா.

ஜனவரிக்குப் பிறகு நீ போனே செய்யவில்லை. நான் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து ஓய்ந்துவிடுகிறது. பேச முடியாவிட்டால் எழுது. போனை அம்மா என் கையிலிருந்து பிடுங்குவாள், கடிதத்தைப் பிடுங்க மாட்டாள்.

உனக்கு முன்னால் பிறந்த உன் தங்கை,
டைவோ


லீட்ஸ்
மே 15, 2005

அன்புள்ள டைவோவுக்கு,

மழைக்கும் அம்மாவின் முழங்காலுக்கும் என் வணக்கம். நான் சுகம். முதியோர் இல்லத்தில் வேலை எப்போதும்போலத்தான். பிள்ளைகளுக்கு என் முத்தம். அடிசாவைக் கேட்டதாகச் சொல்.

கேமரா விஷயம். மெகாபிக்ஸல் என்று கடைக்காரர்கள் போடும் கூச்சலைக் காதில் வாங்காதே. வீட்டுச் சுவரில் மாட்டும் படத்துக்கு மூன்று, நான்கு தாராளம். ஜூமில் இரண்டு வகை உண்டு. கண்ணாடி நகர்ந்து கிட்டே கொண்டுவருவது ஒன்று. இருக்கிற படத்தையே இழுத்துப் பெரிதாக்கிக் கலங்கடிப்பது இன்னொன்று. முதல் வகைதான் வேண்டும். தனி சார்ஜர் கேட்கும் பேட்டரி வேண்டவே வேண்டாம். உங்கள் ஊர் மின்சாரத்தை எனக்குத் தெரியும். எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் பென்சில் பேட்டரி போடுவதாகப் பார்க்க வேண்டும். பகலிலும் நாம் சொன்னால் ஃபிளாஷ் அடிக்க வேண்டும். இல்லையென்றால் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றால் நம் முகங்கள் போய், பல் மட்டும் மிஞ்சும். இந்தப் பெட்டிகளைச் செய்தவர்கள் வெள்ளைத் தோலை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள்.

கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரைப் படமெடுப்பதென்றால் மட்டும் ஃபிளாஷை அணைத்துவிட வேண்டும். வெளிச்சம் கண்ணாடியில் பட்டுத் திரும்பி உள்ளே இருப்பவரை மறைத்துவிடும்.

ஒன்றை மறக்காதே. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும் என்று யார் சொன்னாலும் நம்பாதே. இன்று கைக்கு எட்டுவதை இன்றே வாங்கிவிட வேண்டும்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

கெஹிண்டே


இபாடன்
ஜூன் 5, 2005

மூத்தவளே,

உன் நலத்துக்கும் உன் ஞானத்துக்கும் வணக்கம். எங்கிருந்து கற்றுக்கொண்டாய் இவ்வளவும்? அங்கே கிழவர்களைக் குளிப்பாட்டுகிறாயா, இல்லை கேமராக் கடை நடத்துகிறாயா? உன் கடிதத்தை என் சலூனுக்கு முடி பின்ன வந்தவர்களுக்கெல்லாம் படித்துக் காட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் யாரை எடுக்கப்போகிறோம் என்பதுதான் யாருக்கும் புரியவில்லை. நாங்கள் போவது வெந்நீர் ஊற்றுக்கு, தாயே, மிருகக்காட்சி சாலைக்கு இல்லை.

நீ இன்றே வாங்கச் சொன்னாய் என்று சொன்னதும் அடிசாவுக்கு இறக்கை முளைத்துவிட்டது. துக்பே சந்தைக்குப் போய், வெளிநாட்டில் யாரோ பயன்படுத்திப் போட்ட கேமரா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். மேலே பன்னிரண்டு மெகாபிக்ஸல் என்று தங்க எழுத்து.

"பாத்தியா? உன் அக்கா மூணு போதும்னா. நான் பன்னெண்டு வாங்கிட்டேன், அதுவும் பாதி விலைக்கு!"

அழுத்தினார். அது முனகியது. மீண்டும் அழுத்தினார். மொரெனிகே அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "அப்பா, உள்ள கண்ணாடியே இல்ல, பிளாஸ்டிக்கு" என்றாள். மகளுக்கு எட்டு வயது. மனிதர் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை, நான்தான் அவருக்கு விற்றதுபோல.

அதனால் நீ தேர்ந்தெடுத்ததுதான் வேண்டும். நீ எல்லாம் எழுதினாய், ஒன்றை மட்டும் எழுதவில்லை. டிசம்பரில் வருகிறாயா? அம்மா தினம் கேட்கிறாள். நான் தினம் ஒரு பொய் சொல்கிறேன். சரக்கு தீர்ந்துகொண்டிருக்கிறது.

உன் பதிலுக்கு ஏங்கும்,
டைவோ


லீட்ஸ்
ஆகஸ்ட் 2, 2005

அன்புள்ள டைவோ,

எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். எல்லோருக்கும் என் வணக்கம். நான் சுகம்தான். தூக்கம் குறைவு.

அடிசாவைக் கேலி செய்யாதே. விலையைப் பார்த்து மயங்காதவர் யார்? கேமராவில் இன்னொரு விஷயம் சொல்ல விட்டுவிட்டேன். விலை குறைந்தவை பலவும் பொத்தானை அழுத்தியதும் எடுப்பதில்லை. ஒரு நொடி யோசிக்கின்றன. அதற்குள் குழந்தை முகத்தைத் திருப்பிவிடும், சிரிப்பு போய்விடும். பாதி அழுத்திப் பிடித்திருந்து, சரியான நேரத்தில் மீதியை அழுத்தினால் கொஞ்சம் சமாளிக்கலாம். பிள்ளைகளை எடுக்கிறாய் அல்லவா, இதைப் பழகிக்கொள்.

டிசம்பர் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அம்மாவிடம் எதையும் உறுதியாகச் சொல்லிவிடாதே.

கெஹிண்டே


இபாடன்
ஆகஸ்ட் 21, 2005

என் அக்காவுக்கு,

வணக்கம், வணக்கம், வணக்கம். இனி உன் உடம்பைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. "சுகம்தான்" என்று நீ எழுதும்போது அந்த "தான்" எனக்குப் பிடிக்கவில்லை.

நீ எதையும் உறுதியாகச் சொல்ல வேண்டாம் என்றாய். நான் சொல்லவும் இல்லை. ஆனால் அம்மா நேற்று சந்தையிலிருந்து துணி எடுத்து வந்துவிட்டாள். நீலத்தில் மஞ்சள் பூ. உனக்கும் எனக்கும் ஒரே துணி. "ரெட்டைப் பிள்ளைங்களுக்குத் தனித்தனியா எடுத்தா கடவுளுக்கே குழப்பமா போயிடும்" என்று வழக்கமான வசனம். இரண்டையும் என் அளவுக்கே தைக்கக் கொடுத்துவிட்டாள். நீ அங்கே ரொட்டி தின்று பருத்திருந்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாமாம்.

கெஹிண்டே, எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. கேலிக்குச் சொல்லவில்லை. சலூனில் நாள் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறேன். சில சமயம் நிமிர்ந்து பார்க்கும்போது உன்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்துவிடுகிறேன். பிறகு பக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். வந்துவிட்டுப் போ. ஒரு வாரம் போதும்.

டைவோ


லீட்ஸ்
செப்டம்பர் 25, 2005

அன்புள்ள டைவோ,

அனைவருக்கும் வணக்கம். நலமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

இங்கிருந்து ஊருக்கு வரும் திருமதி பான்கோலே இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி தருவார். கேமரா. நான் சொன்னதெல்லாம் அதில் இருக்கிறது. பென்சில் பேட்டரி நாலும், பெரிய மெமரி கார்டு ஒன்றும் உள்ளேயே வைத்திருக்கிறேன். கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு பிடி. ஊற்றில் விழுந்துவிடப் போகிறது.

டிசம்பரில் என்னால் வர முடியாது. அம்மாவிடம் நீ பக்குவமாகச் சொல்லிவிடு. எனக்காக எதற்கும் காத்திருக்காதீர்கள். போய் நன்றாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள்.

கெஹிண்டே


இபாடன்
அக்டோபர் 23, 2005

கெஹிண்டேக்கு,

கேமரா வந்தது. நன்றி.

திருமதி பான்கோலே வாசலில் நின்று பெட்டியை நீட்டினார். நான் அதை வாங்காமல் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன், மடச்சி மாதிரி. யாரிடமும் கொடுத்தனுப்பாதே என்று எழுதியிருந்தேனே. ஏன் வர முடியாது என்று ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லையா? வயிற்றுக்குள் ஒன்றாகப் படுத்திருந்தவளிடம் சொல்ல முடியாத அப்படியென்ன ரகசியம்?

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். "அப்போ ஊத்துக்கு நீங்க போயிட்டு வாங்க. நான் கடையப் பாத்துக்கறேன்" என்றாள். அவ்வளவுதான். தைத்து வந்த உன் உடுப்பை மடித்துத் தன் பெட்டியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று நாள் கோபமாக இருந்தேன். பிறகு எனக்கொரு யோசனை வந்தது, கேள். சனிக்கிழமை அம்மாவைச் சோபாவில் நடுவில் உட்காரவைத்தேன். நான் நீல உடுப்போடு அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தேன். அடிசா எடுத்தார். பிறகு தலைக்கட்டை மட்டும் உன்னைப்போல் சாய்த்துக் கட்டிக்கொண்டு வலப்பக்கம் உட்கார்ந்தேன். அம்மா, "எத்தன தடவடி எடுப்பீங்க?" என்றாள். "கேமரா புதுசும்மா, பழகறோம்" என்றேன். துக்பேயில் கம்ப்யூட்டரில் படம் போடும் ஃபலாடேயிடம் கொடுத்தேன். இரண்டையும் சேர்த்து ஒன்றாக்கிவிட்டார். அம்மாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ! நீ கொஞ்சம் அழகாகவே இருக்கிறாய், எல்லாம் என் முகம்.

அம்மா மாவு கொள்முதலுக்கு ஷாக்கி போயிருக்கிறாள். பெரிதாகப் போட்டுச் சலூனில் மாட்டியிருக்கிறேன். வந்ததும் காட்டி, "இதோ எல்லாரும் இருக்கோம், கிளம்பு" என்று சொல்லப்போகிறேன். உனக்கும் ஒரு பிரதி இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டாவது சிரி.

கோபம் முழுதும் தீராத,
டைவோ


இபாடன்
நவம்பர் 6, 2005

அக்கா,

நீ உயிரோடு சுகமாக இருக்க வேண்டும். இந்த முறை இதுதான் என் வணக்கம். கடிதம் கிடைத்ததும் போன் செய். வேறு எதையும் படிப்பதற்கு முன்னால் செய்.

நான் பெரிய முட்டாள்தனம் செய்துவிட்டேன். நம் தெரு ரிசிகாத்தின் அம்மா முடி பின்ன வந்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். உட்காரவே இல்லை. பக்கத்தில் போய்ப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். பிறகு பையைத் திறந்து மேஜையில் பணம் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்பம்மா நடந்துச்சு? எங்களுக்கு ஒரு வார்த்த சொல்லலியே."

படத்தைத்தான் கேட்கிறார் என்று, "போன சனிக்கிழமைதான்" என்று பல்லெல்லாம் தெரியச் சொன்னேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். சாயங்காலத்துக்குள் தெருப் பெண்கள் எல்லாம் இரட்டையருக்கென்று அவிக்கும் பயறுச் சட்டியோடு வந்து வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். நானும் புதுப் படத்தைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்கள் என்று குளிர்பானம் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன், கெஹிண்டே. என்னைப்போல ஒரு மடச்சியை நீ பார்த்திருக்கிறாயா?

அந்த நேரத்தில் அம்மா லாரியிலிருந்து இறங்கினாள்.

பெண்களைப் பார்த்தாள். பயறுச் சட்டியைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அம்மாவின் காலத்தில் இரட்டையரில் ஒருவர் இறந்துவிட்டால், இருப்பவரை இரண்டு பக்கமும் உட்காரவைத்து எடுத்து ஒரே படமாக்கித் தருவார்களாம். போனவருக்கும் வீட்டில் ஒரு படம் இருக்க வேண்டும் என்று. இந்த ஊரில் அந்த வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? நாம்தான் இரண்டு பேரும் இருந்தோமே.

படத்தை இழுத்துக் கிழித்தாள். "என் பிள்ளைய உயிரோட இருக்கும்போதே கொன்னுட்டியேடி! யாரு சொன்னா உனக்கு? இல்ல, நெஜமாவே அவ..." என்று பாதியில் நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து அந்தப் பாதியிலேயேதான் நிற்கிறாள். வருஷம் முழுக்க அவள் உன் குரலைக் கேட்கவில்லை. நான் உன் கடிதங்களைக் காட்டினால், "எழுத்த யாரு வேணா எழுதலாம்" என்கிறாள். உன் எண்ணுக்குத் தினமும் கூப்பிடுகிறோம். மணி மட்டும் அடிக்கிறது.

நீ விடுமுறைக்கு வர வேண்டாம். கேமரா வேண்டாம், ஒன்றும் வேண்டாம். ஒரு தடவை "அம்மா" என்று சொல். போதும்.

டைவோ


லீட்ஸ்
நவம்பர் 27, 2005

என் டைவோ,

போன ஞாயிற்றுக்கிழமை நான் போன் செய்தபோது "அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன் என்று உனக்குக் கோபம் இருக்கும். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அழுதிருப்பேன். நான் அழக்கூடாது. ஏன் என்று எழுதுகிறேன். அம்மாவுக்குப் படித்துக் காட்டு.

பிப்ரவரியில் எனக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்தார்கள். இரண்டும் ஆண். பெயர் தேடவே வேண்டியிருக்கவில்லை, நம்மைப்போலக் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். முதலில் வந்தவன் டைவோ, பின்னால் வந்தவன் கெஹிண்டே. அவர்களுடைய அப்பா என் வயிறு தெரியும் முன்பே வேறு ஊருக்குப் போய்விட்டான். அவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. பிறந்ததும் இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்று உங்களைத் திகைக்க வைக்கலாம் என்றிருந்தேன். அதனால்தான் முதலில் சொல்லவில்லை.

கேமரா எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டாயே. இரண்டு பேர் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். சாப்பாட்டு இடைவேளையில் கடைக்குப் போய் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பேன். நல்லதாக ஒன்றைப் பிடித்துவிட்டேன். ஒரு மாதம் பொறுத்தால் புது மாடல் வரும், இது விலை இறங்கும் என்று அங்கே இருந்தவர் சொன்னார். பிள்ளைகள் மார்ச் கடைசியில்தானே, சரி என்று பொறுத்தேன். அவர்கள் பொறுக்கவில்லை, முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மூக்கில் குழாய், காலில் ஊசி. படம் எடுத்துத் தரட்டுமா என்று நர்ஸ் இரண்டு தடவை கேட்டாள். குழாயெல்லாம் எடுத்த பிறகு நானே நல்ல கேமராவில் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பெரிய அறிவாளி நான். சின்னக் கெஹிண்டே எட்டாம் நாள் பெயர் வைக்கும்வரை இருந்தான். அப்புறம் இல்லை. அவனுக்கு ஒரு படம்கூட இல்லை, டைவோ. அவன் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன், இவன் முகம்தான் வருகிறது.

அந்தக் கேமராவை மார்ச்சில் வாங்கினேன். பெட்டியைத் திறந்தேன், படம் எடுக்க முடியவில்லை. எடுத்தால் ஒருவன்தானே விழுவான். உனக்கு அனுப்பியது அதைத்தான்.

இரட்டையில் ஒன்று போனால் தாய் அழக்கூடாது, அழுதால் மற்றதும் பின்னாலேயே போய்விடும் என்று அம்மா சொல்வாளே. அதனால் நான் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. போனை எடுக்காததும் அதற்காகத்தான். அம்மா குரல் கேட்டால் என் கட்டுப்பாடெல்லாம் போய்விடும். ஊருக்கு வராததும் அதற்குத்தான். இரண்டு பெற்றவள் ஒன்றோடு எப்படி வந்து நிற்பேன்?

நீ மாட்டிய படத்தை அம்மா கிழித்துவிட்டாள் என்றாய். என் பிரதியை நான் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இப்படி ஒரு வழக்கம் உண்டு என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எடுத்த இவனுடைய படம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். ஃபலாடேயிடம் கேள். இதை வைத்து இன்னொருவனையும் சேர்த்துத் தருவாரா? அம்மாவுக்குக் கோபம் வந்தால் வேண்டாம்.

உன் அக்கா,
கெஹிண்டே


இபாடன்
டிசம்பர் 18, 2005

என் அக்காவுக்கு,

பிள்ளை பெற்ற ஆபத்தைத் தாண்டி வந்ததற்கு வணக்கம். பிறந்த அன்றே வந்து சொல்லியிருக்க வேண்டிய வணக்கம், இத்தனை மாதம் பிந்திவிட்டது. அம்மா சொல்கிறாள், நான் சொல்கிறேன், அடிசா சொல்கிறார். ரிசிகாத்தின் அம்மா மூன்று தடவை சொன்னார்.

உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்தேன். என்னால் முழுதும் படிக்க முடியவில்லை, மீதியை அடிசா படித்தார். அம்மா நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "படம் இல்லியா? ஒண்ணுகூடவா?" அப்பா யார், கல்யாணம் ஆச்சா என்று நீ பயந்திருக்கக்கூடிய எதையும் அவள் கேட்கவில்லை. பிறகு நீ அனுப்பிய படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள்.

"பல்லு வந்தாச்சு பாரு. ரெண்டு பல்லு. இனிமே இவன் எங்கயும் போக மாட்டான். அழுவட்டும்னு எழுது. நான் சொன்னேன்னு எழுது. வயித்துல கல்லு கட்டிக்கிட்டு ஒரு வருஷம் இருந்திருக்கா எம்பொண்ணு. போதும், அழுவட்டும்."

அதைச் சொல்லிவிட்டு அவள் அழுதாள். நானும்தான். கூட உட்கார்ந்து அழ நீ இல்லை என்பதுதான் குறை.

மறுநாள் ஃபலாடே கடைக்கு அவளையும் கூட்டிப் போனேன். அவர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது ரொம்ப சுலபம்மா. இப்படியே திருப்பிப் போட்டு ஒட்டிட்டா ரெண்டு பிள்ள. அஞ்சு நிமிஷம் உக்காருங்க" என்றார். அம்மா படத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"காகிதத்துலேர்ந்து பிள்ள பிறக்காது தம்பி. அவனுக்குன்னு இவன் ஒரு தடவ தனியா உக்காரணும். இந்த மடியில ஒரு தடவ, அந்த மடியில ஒரு தடவ. அப்பதான் அது அவன் படம்."

என்னிடம் திரும்பி, "அவளக் கெளம்பி வரச் சொல்லு. இவனத் தூக்கிட்டு வரட்டும். ஒருத்தனோட வந்து நிக்க வெக்கமாம். அவன் வர்றது பாட்டி வீட்டுக்கு, இதுல என்ன வெக்கம்?" என்றாள்.

இகோகோசிக்கு நாங்கள் போகவில்லை. அடிசா வண்டியை ஈஸ்டருக்கு மாற்றிவிட்டார். கேமராவை அம்மா தன் பெட்டியில், உன் நீல உடுப்புக்குள் சுற்றி வைத்துப் பூட்டிவிட்டாள். சாவி அவள் இடுப்பில் இருக்கிறது. யார் கேட்டாலும் தர மாட்டேன் என்கிறாள்.

வா.

டைவோ


லீட்ஸ்
ஜனவரி 22, 2006

டைவோ,

அம்மாவுக்கும் அடிசாவுக்கும் பிள்ளைகளுக்கும் உனக்கும் ரிசிகாத்தின் அம்மாவுக்கும் என் வணக்கம். இவனுக்குச் சளி இருந்தது, இப்போது இல்லை. நான் சுகமாக இருக்கிறேன் என்று இன்னும் சொல்ல முடியாது. ஆனால் அழுகிறேன். நன்றாகவே அழுகிறேன் என்று அம்மாவிடம் சொல்.

நேற்று டிக்கெட் எடுக்கப் போனேன். ஏப்ரல் பத்தாம் தேதி, லாகோஸுக்கு. ஈஸ்டருக்கு முந்தைய திங்கள். இவன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டிருந்த பெண் தலையை நிமிர்த்தாமலே, "குழந்தைகள் எத்தனை?" என்று கேட்டாள்.

"இரண்டு" என்றேன்.

இந்த ஊரில் யாரிடமும் நான் அதைச் சொன்னதில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவள் இரண்டு என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள். என் தோளைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் பார்த்தாள், இன்னொருவனைத் தேடினாள். தேடட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டேன். அவனையும் ஒருவர் தேடுகிறாரே என்று எனக்கு ஆறுதலாக இருந்தது.

பிறகு, "பிள்ளைக்கு டிக்கெட் ஒன்று போதும்" என்றேன்.

கெஹிண்டே